நின்றுகொண்டே வாங்கிய நாற்காலி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. நாலாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் பேனா பிடித்தது டப்பாக்களில் மல்லி, சோம்பு என்று எழுதி ஒட்டத்தான். மறதியும் வந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பின்னால் நடந்ததை முன்னால் சொல்வேன். எழுதும்போதே நடுவில் எழுந்து போய் அவர் சரியாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அதனால் ஒரு வரி அடுத்த வரியோடு ஒட்டாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் என்றால் எங்கள் வீட்டுக்காரர். ரங்கூனில் போட்டாதாங் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்து ஓய்ந்தவர். அதே ஊரில் பசுந்தாங் பக்கம் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. முன்னால் ஒரு பெரிய அறை, பின்னால் அடுப்படி, தெருப் பக்கம் ஒரு பால்கனி. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தவர்கள். சாப்பிடுவது, மசாலா புடைப்பது, படுப்பது எல்லாம் தரையில்தான். வருகிறவர்களுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் நான் உட்கார்ந்ததாக நினைவே இல்லை.

போன மழைக்கு முன்னால் அவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்து, இரும்பு வைத்து, பிடித்து நடக்க ஒரு வாக்கரும் கொடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்வாக உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் முட்டி இடுப்பை விட மேலே வரக் கூடாது, வந்தால் வைத்த இரும்பு விலகிவிடும் என்று சொன்னார். பகலெல்லாம் கட்டிலில் கிடக்கவும் கூடாதாம், உட்கார்ந்து எழ வேண்டுமாம். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். தரையில் உட்காருகிற வீட்டில் இதை எப்படிச் செய்வது?

எங்கள் மகன் ரங்கூனுக்கு வெளியே மாவ்பி என்கிற ஊரில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னான்.

"அம்மா, ஒரே பேச்சு. அப்பா தானா எழுந்திருச்சா நீங்க இங்கேயே இருங்க. ஒருத்தர் தூக்கி விடணும்னா, ரெண்டு பேரும் மாவ்பிக்கு வந்திடணும். நீ தூக்குவியா? நீ தூக்கினா அப்புறம் உன்னையும் நான் தூக்கணும்."

"கொஞ்ச நாள் போகட்டும்டா."

"வீட்டுக்கு வந்து ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வருவேன். பாத்திட்டு முடிவு பண்ணுவோம்."

மாவ்பி நல்ல ஊர்தான். மருமகளும் நல்லவள், பர்மாக்காரி, என்னை உட்கார வைத்துச் சோறு போடுவாள். எனக்கு உட்கார்ந்து சோறு தின்னத் தெரியாது. அவருக்கும் பசுந்தாங் தெருச் சத்தம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. போய்விட்டால் திரும்பி வரமாட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆகவே ஒரு நாற்காலி வேண்டும். என்னிடம் இருந்த பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். அதுவே உள்ளேயும் வேண்டும், பால்கனியிலும் வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் போனால் மணிக்கணக்காக வராது. விசிறி நின்றுவிட்டால் அந்த அறையில் ஆள் வெந்துவிடும். பால்கனியில்தான் ஆற்றுக் காற்று வரும். பால்கனி என்றால் வெயில் அடிக்கும், சாரலும் அடிக்கும். ரங்கூன் மழையைத் தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. துவைத்துக் காயப்போட்ட சட்டையில் பாசி பிடிக்கும்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கடை கடையாக அலைந்தேன். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை எனக்கு. ஒரு கடையில் நின்றால் அடுத்த கடையில் நல்லது இருக்குமோ என்று தோன்றும், அங்கே போனால் முதல் கடைதான் தேவலை என்று தோன்றும். பிளாஸ்டிக் நாற்காலி மலிவு. ஆனால் வழவழப்பான தரையில் கால் நாலும் விரிந்துகொள்ளும். அவர் கனத்த உடம்புக்காரர். இரும்புக் குழாய் நாற்காலி பார்க்கப் பளபளவென்று இருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன், புதிதாக இருக்கும்போதே திருகாணியைச் சுற்றித் துரு. பிரம்பு நாற்காலியை ஒரு கையால் தூக்கிவிடலாம், அதனால்தான் பயம். ஒரு கைப்பிடியில் அவர் ஊன்றினால் அப்படியே கவிழும். புதுத் தேக்கு விலையைக் கேட்டுவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

கடைசியில் ஓடைப் பக்கத்துத் தெருவில் பழைய சாமான் கடைக்குப் போனேன். நம் தமிழ் பாய் ஒருவர் வைத்திருக்கிறார். வீடு காலி செய்கிறவர்கள், ஊரை விட்டே போகிறவர்கள் விற்ற கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாம் நடைபாதை வரைக்கும் நிற்கும். உள்ளே நாலைந்து ஆண்கள் சாமான் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே டீக்கடை. முழங்கால் உயர முக்காலிகளில் ஊரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது எனக்கு.

"வாங்கக்கா. கட்டிலா, மேஜையா?"

"நாற்காலி, பாய். கெட்டியா. மழை தாங்கணும்."

பாய் நாலைந்தை இழுத்துப் போட்டார். எனக்கு மரம் கொஞ்சம் தெரியும். சப்பாத்திப் பலகை வாங்குகிற மாதிரிதான் பார்த்தேன். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், அடியில் வெள்ளை மரம் ஓடக் கூடாது, பூச்சுக்குக் கீழே பூச்சி துளைத்த பொடி இருக்கக் கூடாது. ஒன்று பிடித்துப்போனது. அகலமான கைப்பிடி, சாய்ந்த முதுகு, நடுவில் பிரம்புப் பின்னல். தேக்கு. துரை வீட்டு நாற்காலி மாதிரி இருந்தது. அவர் அதில் கால் நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பது அப்படியே கண்ணில் தெரிந்தது.

"உக்காந்து பாருங்கக்கா."

"வேணாம் பாய்."

"சும்மா உக்காருங்க, நாற்காலி உக்காரத்தானே?"

உள்ளே இருந்த ஆண்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். டீக்கடையிலும் யாரோ பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பின்னலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். கடைத்தெருவில், ஆண்கள் மத்தியில், கால் தொங்கப் போட்டு நாற்காலியில் உட்காருவதா? என் வயதில் எத்தனையோ பெண்கள் செய்கிறார்கள். எனக்கு வராது.

"நல்லாத்தான் இருக்கு பாய்," என்றேன். பணத்தைக் கொடுத்தேன். பாய் வாசல் வரை வந்து, "சரியில்லேன்னா திருப்பிக் கொண்டாங்க, வேறே தர்றேன்" என்றார். அதைக் காதில் வாங்காமல் நடந்துவிட்டேன்.

எங்கள் மாடிப்படி ஒருவர் ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டிய படி. பெரிய சாமான் எதுவும் அதில் வராது. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி வந்தவரும் அவர் கூட்டாளியும் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் இழுத்தார்கள். கீழ்வீட்டுப் பெண் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தாள். பர்மாக்காரி. வாய் ஓயாது. என்னை "அமே" என்பாள், அவர்கள் பேச்சில் அம்மா என்று. நான் அவளை மகள் என்கிற மாதிரி "தமீ" என்பேன். அவள் சொன்னதெல்லாம் பர்மாப் பேச்சில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அமே, யாருக்கு இந்தச் சிம்மாசனம்? மேலே ராஜா வர்றாரா?"

"ராஜாதான், இடுப்பு உடைஞ்ச ராஜா."

"அப்போ ராணிக்கு எங்கே நாற்காலி?"

"ராணிக்குத் தரையில பாய் இருக்கு, தமீ."

கயிறு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். இந்த ஊரில் மாடி வீடு ஒவ்வொன்றிலிருந்தும் தெருவுக்கு ஒரு மெல்லிய கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப்பு, மேலே ஒரு மணி. பேப்பர்காரர் கீழே இருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். நாம் கயிற்றைச் சுருட்டி மேலே இழுத்தால் பேப்பர் வரும், பையைக் கட்டி விட்டால் காய்கறி வரும். எங்கள் வீட்டில் அந்தக் கயிறு அவருடையது. என்னைத் தொட விடமாட்டார். வெடுக்கென்று இழுத்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவேனாம். ஒருமுறை முட்டை உடைந்தது உண்மைதான்.

அவர் வீட்டுக்கு வந்தார். நாலு பேர் முன்னும் பின்னுமாக மாறி மாறிப் பிடித்து ஒரு சின்ன நாற்காலியில் வைத்துப் படியேற்றினார்கள், அதுவே பெரிய கதை, விடுங்கள். மறுநாள் மத்தியானம், மகன் கொண்டுவந்து போட்ட கட்டிலிலிருந்து வாக்கரைப் பிடித்து மெதுவாக நடந்து புது நாற்காலிக்கு வந்தார். திரும்பி நின்றார். உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று எப்படிச் சொல்வது? உள்ளே போய்விட்டார். பிரம்பு தொய்ந்து கொடுத்தது. முதுகு பின்னால் சாய்ந்தது. முட்டி இரண்டும் மேலே வந்து நின்றது. டாக்டரம்மா சொன்ன அதே முட்டி.

"எழுந்திரிங்க, எழுந்திரிங்க."

"எழுந்திரிக்கத்தான் பாக்கிறேன்."

கைப்பிடி அகலமாக இருந்ததே தவிர, முன்னால் வராமல் பாதியில் நின்றுவிட்டது. ஊன்ற இடமில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை, நான்தான் அவர் மேல் போனேன். கீழே ஓடிக் கூப்பிட்டு, கீழ்வீட்டுப் பெண்ணும் அவள் புருஷனும் வந்து இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். கட்டிலில் உட்கார வைத்தபின் அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நீ உக்காந்து பாத்தியா, புள்ள?"

"இல்லைங்க."

"நாற்காலி வாங்கப் போயி நின்னுக்கிட்டே வந்தியா?"

கோபமாகச் சொன்னாரா சிரித்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. கீழ்வீட்டுப் பெண் என்ன என்ன என்று கேட்டாள். அவர் பர்மாப் பேச்சில் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு அடுப்படிக்குள் போய்விடலாம் போல இருந்தது. போனேன். பருப்பைப் போட்டேன், உப்பை இரண்டு தடவை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மகன் போனில் அழைத்து, நான் இன்னும் ஒன்றும் சொல்லாதபோதே, மருமகள் பின்னறையைக் கழுவி வைத்துவிட்டாள் என்றான். போனை வைத்துவிட்டு அறைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். அவர் கட்டிலிலிருந்து, "ஒக்காரேன், தலை சுத்துது" என்றார். உட்கார முடியவில்லை.

மறுநாள் அவருக்குக் காவலாகக் கீழ்வீட்டுக்காரரை உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கப்போவதை வழியில் அவளிடம் சொன்னேன். நாற்காலி மறுபடி கயிற்றில் இறங்கியது. தெருவில், ராஜா பதவி இழந்துவிட்டாரா என்று ஒருவர் கேட்டார். யார் பரப்பியது என்று எனக்குத் தெரியும்.

பாய் ஒன்றும் கேட்கவில்லை. "அதுக்கென்னக்கா, பாருங்க" என்று மாத்திரம் சொன்னார். அதே ஆண்கள், அதே டீக்கடை. நான் ஒரு நாற்காலி முன்னால் போய் நின்றேன். நின்றேன். கையால் அழுத்தினேன். கீழ்வீட்டுப் பெண் என் தோளில் கை வைத்தாள்.

"அமே, அப்பா உட்காரப் போறது உங்க கையிலயா?"

அப்புறம் எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. முதலில் செருப்பைக் கழற்றினேன். பாய் பதறி, "தரை அழுக்குக்கா" என்றார். வீட்டுக்குள் அவர் வெறுங்கால்தான். செருப்புக் கனத்தோடு உட்கார்ந்து பார்த்தால் வீட்டில் உயரம் வேறாகிவிடும் என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது. உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் யாரும் பார்க்கவில்லை. ஒருவர் டீயில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கப் பயந்தது இவர்களுக்காகவா என்று ஒரு எரிச்சல் வந்தது.

பிறகு நான் நிறுத்தவில்லை. ஒன்றில் உட்கார்ந்து எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தேன். வலது காலை முன்னால் நீட்டிவிட்டு, அவருக்கு நோவு அந்தக் காலில், இடது காலையும் கையையும் மட்டும் வைத்து எழுந்து பார்த்தேன். அவர் என்னை விட ஒரு சாண் உயரம். அதற்காக ஒரு மடித்த சாக்கை என் காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பாயே கடைசியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, போன தடவை உக்காரவே கூச்சப்பட்டீங்க, இப்ப கடையையே தேய்ச்சிடுவீங்க போலிருக்கே."

"வாய மூடுங்க பாய்," என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. கீழ்வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கைதட்டினாள்.

உள்ளே, உடைந்த அலமாரிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. ஏதோ ஆபீஸ் நாற்காலி. பச்சை பெயிண்ட் அடித்து அசிங்கமாக, ஒரு கைப்பிடியில் சிகரெட் சுட்ட தழும்பு. ஆனால் பலகை இருக்கை, தொய்வே கிடையாது. உயரம். கைப்பிடி இரண்டும் இருக்கையின் விளிம்பு வரைக்கும் முன்னால் வந்திருந்தன. சாக்கின் மேல் இடது காலை வைத்து, வலது காலை நீட்டி, கைப்பிடியை ஊன்றினேன். உடம்பு தானாக மேலே வந்தது. அடியில் நகத்தால் பெயிண்டைச் சுரண்டினேன். சிவப்பு மரம். பியின்கடோ என்று பாய் சொன்னார், இரும்பு மாதிரி கனக்கிற மரம், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுவது, மழையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆணி இல்லை, எல்லாம் மரமுளை. முன்னதை விட விலை குறைவு. மிச்சத்தைப் பாய் திருப்பிக் கொடுத்தார்.

கயிற்றில் இழுத்தபோது சைக்காக்காரர்கள் திட்டினார்கள். ஒருமுறை நழுவி, எங்கள் தெருவே "ஓ" என்றது. மேலே வந்துவிட்டது.

கனம் ஒரு தொல்லை. என்னால் தூக்க முடியாது. நாலு காலுக்கும் அடியில் பழைய கம்பளியை மடித்து வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும் என்று கண்டுபிடித்தேன். அவர் உட்காரும்போது கம்பளியை எடுத்துவிட்டு முதுகைச் சுவரோடு சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஊன்றும்போது நாற்காலி பின்னால் ஓடும். பால்கனி வாசலில் உள்ள சின்ன மேட்டுக்கு ஒரு சரிவுப் பலகை. இதையெல்லாம் செய்தேன். ஆனால் அவர் அதில் உட்காரமாட்டேன் என்றார். பயம். ஒருமுறை உள்ளே போனவர் அல்லவா. "ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்று சொல்லிக் கட்டிலிலேயே கிடந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். காலணியைக் கழற்றும்போதே நாற்காலியைப் பார்த்தான்.

"என்னம்மா, போலீஸ் ஸ்டேஷன்லேருந்து தூக்கிட்டு வந்தியா?"

அவர் சிரித்தார். பிடித்து, மெதுவாக உட்கார வைத்தோம். முட்டி நேராக நின்றது.

"சரிப்பா, எழுந்திரிங்க பாப்போம்."

"எதுக்கு?"

"பாக்கணும்ல."

"நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா? வாத்தியாரு சொன்னா எழுந்திரிக்க?"

மகன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பயத்தில் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். அந்த நேரம் கரண்ட் போயிற்று. விசிறி சுற்றி நின்றது. அவன் அவரை ஒருபக்கம் பிடித்து வாக்கரில் நிறுத்தினான். நாங்கள் நாற்காலியைக் கம்பளியில் இழுத்துப் பால்கனிச் சுவரோடு போட்டோம். அவரை மறுபடி உட்கார வைத்தோம். பிடித்துத்தான் எழுப்பினான், பிடித்துத்தான் உட்கார வைத்தான். அதை அவன் மனசில் குறித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அடுப்படிக்கு வந்தான்.

"அம்மா, அடுத்த வாரம் வேன் கொண்டு வர்றேன்."

நான் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவினதையே கழுவினேன்.

மணி அடித்தது. கயிற்று மணி.

நான் ஓடப் பார்த்தேன். மகன் முன்னால் நின்றதால் வழி இல்லை. அவன் தோளுக்கு மேலாக, அறை தாண்டிப் பால்கனி தெரிந்தது. அவர் இரண்டு கையையும் கைப்பிடி நுனியில் வைத்தார். நோவுக் காலை நீட்டினார். எழுந்துவிட்டார். அவ்வளவுதான். வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை, அவர் இழுக்கிற மாதிரி, பூப்போல, மேலே இழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மகன் என் கையிலிருந்த டம்ளரை வாங்கித் துடைத்து வைத்தான். பிறகு, "காபிக்குச் சீனி குறைச்சுப் போடும்மா" என்றான். வேன் பேச்சை எடுக்கவே இல்லை. போகும்போது நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மழைக்காலம் முழுக்க இங்கேதான் இருந்தோம். இப்போதும் இருக்கிறோம். ஆனாலும் என் மனசு அடங்கவில்லை. அவர் எழும்போதெல்லாம் எங்கே இருந்தாலும் கைப்பிடி முனகுகிற சத்தம் கேட்கிறது, ஓடி வந்து பார்க்கிறேன். "எதுக்கு ஓடி வர்றே, நாற்காலி ஓடிடுமா?" என்கிறார். அவர் கட்டிலில் தூங்கும் நேரம் நானும் அதில் கொஞ்சம் உட்காருகிறேன். இதைக்கூட அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உயரம் எனக்கு ஒத்துவரவில்லை, கால் தரையில் படவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் யாராவது பசுந்தாங் பக்கம் வந்தால் எனக்காகச் சில விவரங்களைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த மரத்தின் பெயர் நான் எழுதினது சரிதானா என்று பாயிடம் கேளுங்கள். கரண்ட் போனது மகன் வந்ததற்கு முன்னாலா பின்னாலா என்றும் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. முக்கியமாக ஒன்று. அன்றைக்கு அவர் இழுத்த கயிற்றின் நுனியில் ஒன்றுமே இல்லை, கிளிப்பு காலியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பேப்பரும் போடமாட்டார்கள். மணியை அடித்தது யார் என்று கீழ்வீட்டுப் பெண்ணிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.